சாக்பீஸுக்கு ஒரு ரசீது

வால்பரைசோவில் எங்கள் அலுவலகம்
கடலைப் பார்த்து அமைந்தது.
நான்காம் மாடி: கப்பல், கன்டெய்னர், கிரேன்.
நாங்கள் பழுதுபார்த்துத் தரவேண்டிய இழுவை ரயில்
எங்கள் முதுகுக்குப் பின்னே, குன்றில்,
ஒருநாள் ஓடியும் மூன்றுநாள் நின்றும்
இருமிக்கொண்டிருந்தது.

திட்ட மேலாண்மை அலுவலகம் என்று கதவில் பெயர்.
உள்ளே முப்பத்தொரு படிவம்.
அபாயப் பட்டியல், மாற்றக் கோரிக்கை,
கோரிக்கையை மாற்றக் கோரும் கோரிக்கை.
மாதக் கடைசியில் நாற்பத்துநான்கு பக்க அறிக்கை.
ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் ஒரு வட்டம்,
பெரும்பாலும் பச்சை.
பச்சை பூசுவது என் வேலை.

ஜூன் அறிக்கையின் இருபத்தேழாம் பக்கத்தில்
சிமேனா ஓயார்சூன், எங்கள் தலைவி,
யாரிடமும் சொல்லாமல்
விலாங்கு மீன் சூப் செய்முறையைச் சேர்த்தாள்.
நகராட்சி கையெழுத்திட்டது.
நிதித்துறை கையெழுத்திட்டது.
ஆகஸ்டில்தான் ஒரு தொலைபேசி:
ஒப்பந்தக்காரரிடம் கணக்கு எழுதும் பையன்,
"உப்பு எவ்வளவு என்று போடவில்லையே?"

அவள் சிரிக்கவில்லை.
மறுநாள் எல்லாரிடமும் கேட்கப் போனோம்:
எங்களிடம் என்னதான் எதிர்பார்க்கிறீர்கள்?

நிதித்துறைக்கு ஒரே ஓர் எண் போதும்,
போன மாத எண்ணைவிட அது பெரிதாக இருக்கக் கூடாது.
மேயர் அலுவலகத்துக்கு ரிப்பன் வெட்ட ஒரு தேதி,
மழை இல்லாத தேதி.
ஒப்பந்தக்காரர் பால்தசார்,
"படிவத்தில் பாதியை நீங்கள் கடலில் போடுங்கள்,
மீதியை நானே போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

பிறகு குன்றுக்கு நடந்தோம், முதன்முறையாக.
இருநூற்றுப் பதினான்கு படி.
நூறாவது படியில் நின்ற என் மூச்சுக்கு
எந்த அறிக்கையிலும் பச்சை கிடைத்திருக்காது.

எதிரே எலிசேயோ இறங்கி வந்தார்,
தோளில் காலி சிலிண்டர்.
"நீங்கள் இத்திட்டத்தின் பங்குதாரர்" என்றேன்,
கையேட்டில் உள்ளபடி.
"என் பங்கு எது?"
நான் படிகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"எப்போது முடியும் என்று கேட்கமாட்டேன்,
உங்களுக்கே தெரியாது.
நாளைக்கு ஓடுமா ஓடாதா,
அதை மட்டும் இன்று ராத்திரி சொல்லுங்கள்.
ஐந்து மணிக்கு வண்டியிலிருந்து இறக்குகிறவன் நான்.
ஓடாது என்றால் தம்பியையும் எழுப்பிக் கூட்டிவருவேன்."
சலவைக்கடை நெலிடாவும் அதையே சொன்னாள்,
கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்து.

இதற்குப் படிவம் இல்லை.
மூன்று கூட்டம் போட்டோம்.
ஓடாது என்று எழுதினால் இழுக்கு என்றது நகராட்சி.
ஓடும் என்று எழுதி ஓடாவிட்டால்
யார் பொறுப்பு என்றார் வக்கீல்.
சிமேனா குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தாள்.
நான்காம் கூட்டத்துக்கு அவள் வரவில்லை.
கீழ் நிலையத்தில்
கரும்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரவு: நாளை ஓடாது. கம்பிவடம் வரவில்லை.
இரண்டாம் இரவு: நாளை ஓடாது. அதே வடம்.
மூன்றாம் நாள் காலை அதன் கீழே
யாரோ ஒரு நத்தை வரைந்திருந்தார்கள்,
கொம்பெல்லாம் வைத்து.
அழிக்கட்டுமா என்றேன்.
"விடு, அது பின்னூட்டம்" என்றாள்.

சொன்ன தேதிக்குப் பதினொரு வாரம் கழித்துத்தான்
ரயில் ஒழுங்காக ஏறியது.
ரிப்பன் அன்று மழை.
யாரும் வாழ்த்தவில்லை, யாரும் கல்லெறியவுமில்லை.
எலிசேயோ ஏழு சிலிண்டரோடு உள்ளே உட்கார்ந்திருந்தார்.
தம்பி வரவில்லை,
வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தானாம்.

இப்போது படிவம் ஒன்பது.
மேசையைக் குன்றுப் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன்.
எதிர்பார்ப்பு என்ற சொல்லை
ஆயிரம் தடவை தட்டச்சு செய்தவன்
எதிரே பார்க்கப் பழகுவதில்
கழுத்துதான் கொஞ்சம் வலிக்கிறது.

நேற்று நிதித்துறையிலிருந்து கடிதம்:
சாக்பீஸ், இரண்டு பெட்டி.
ரசீது இணைக்கப்படவில்லை.

தேடிக்கொண்டிருக்கிறேன்.